என் கார் வழியில் நின்றதே இல்லை

காருக்கு முதல் எதிரி தூசிதான் என்பது என் கருத்து. வாரம் தவறாமல் ஈரத்துணியால் துடைத்து, ஆயில் பார்த்து, தண்ணீர் ஊற்றி வைத்தால் எவ்வளவு பழைய காரும் சொன்ன பேச்சைக் கேட்கும். என் காருக்கு இருபது வயது தாண்டிவிட்டது. ஒரு நாள்கூட வழியில் நின்றதில்லை. சொந்தக்காரர்கள் என்னைப் பார்த்தால் என் உடம்பை விசாரிப்பதற்கு முன் காரைத்தான் விசாரிப்பார்கள். அந்தப் பெருமை எனக்குப் பிடித்திருந்தது, மறைப்பானேன்.

என் மனைவியின் அண்ணனும் அதே சமயத்தில் அதே மாடலைத்தான் வாங்கினார். ஆனால் அவர் கார் நிற்காத தெருவே ஊரில் கிடையாது. மச்சான் தங்கமான மனிதர். பானெட்டைத் திறந்தால் மட்டும் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி விழிப்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வரும்போது சாவியை என்னிடம் கொடுத்துவிடுவார்.

"மாப்ள, உங்களுக்குக் கைராசி. ஒரு பார்வை பாத்துடுங்க."

அவர் சாப்பிட்டுவிட்டுத் தூங்குவார். நான் பார்ப்பேன்.

முதலில் மாற்றியது பேட்டரி. என்னுடையது காலை வேளைகளில் இரும ஆரம்பித்திருந்தது. அவருடையதோ புத்தம் புதிது. கடைக்கும் வீட்டுக்குமாகப் போய்வருகிறவருக்கு அவ்வளவு நல்ல பேட்டரி எதற்கு? அது அங்கே வீணாவதைப் பார்க்க எனக்கு மனம் பொறுக்கவில்லை. இடம் மாற்றி வைத்தேன். இதைத் திருட்டு என்று யாரும் சொல்ல முடியாது. எடுத்த இடத்தைக் காலியாகவா விட்டேன்? பிறகு ஃபேன் பெல்ட், ரேடியேட்டர், ஸ்டார்ட்டர், நான்கு டயர்கள் என்று ஒவ்வொன்றாகத் தகுதியான இடத்துக்கு வந்து சேர்ந்தன. பிரேக்கில் மட்டும் கை வைத்ததில்லை. எனக்கும் மனசாட்சி இருக்கிறது. தவிர, என் மனைவி சில சமயம் அந்தக் காரில் போவாள்.

பாவம், மச்சான் புதிது புதிதாக வாங்கி மாட்டிக்கொண்டே இருந்தார். நானும் சலிக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

போன மாதம் அவர் மகளுக்கு வேலைக்கு நேர்முகத் தேர்வு. தானே கொண்டுபோய் விடவேண்டும் என்று அவருக்குக் கொள்ளை ஆசை. பாதிப் பாலத்தில் கார் படுத்துவிட்டது. போன் வந்ததும் ஓடினேன். பெண் என் காரில் ஏறிக்கொண்டு, "அப்பா, இனிமே எங்க போறதா இருந்தாலும் நான் மாமா வண்டியிலயே போய்க்கறேன்" என்றாள். மச்சான் கையில் அழுக்குத் துணியோடு ஓரமாக நின்று தலையை ஆட்டினார். அந்த முகத்தைப் பார்க்காமல் சாவியைத் திருப்பினேன். ஆனால் என் கார் எவ்வளவு அருமையாகக் கிளம்பியது என்பதையும் சொல்லவேண்டும். முந்தின ஞாயிறுதான் அவருடைய ஃபியூவல் பம்பை எடுத்து மாட்டியிருந்தேன்.

இரண்டொரு நாளில் மச்சான் வந்து சோபாவில் சரிந்தார்.

"பெத்த பொண்ணே என்னை நம்ப மாட்டேங்குறா மாப்ள. அதான், வண்டிய உடைக்கறவன்கிட்ட தள்ளிட்டேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றுகிற என் ஆல்டர்னேட்டர் அப்போதே முனகிக்கொண்டிருந்தது.

அன்றுதான் நான் செய்தது தப்பு என்று உறைத்தது. ஒரு மனிதர் மனமொடிந்து காரையே தலைமுழுகும் அளவுக்கு விட்டிருக்கக் கூடாது. பிராயச்சித்தமாக, அவருக்கு வேறு கார் தேடித் தரும் பொறுப்பை நானே ஏற்றுக்கொண்டேன். நாயாய் அலைந்து, அதே மாடலில், ஒரு டாக்டர் பூப்போல வைத்திருந்த காரைப் பிடித்தேன். மச்சான் என் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்களில் ஒற்றிக்கொண்டார். எனக்கும் கண் கலங்கியது.

நேற்று மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து அவரே ஓட்டிக்கொண்டு வந்தார். முகமெல்லாம் பல். சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு, நிம்மதியாகச் சாப்பிட்டுத் தூங்கினார்.

நான் இப்போது திருந்திய மனிதன். ஆல்டர்னேட்டரை மட்டும்தான் எடுத்தேன்.