சிவந்த காகிதம்

நீங்கள் கொடுத்த மோர் நன்றாக இருந்தது, இன்ஸ்பெக்டர் சார். செந்துறையிலிருந்து அரியலூர் வரைக்கும் வெயிலில் வந்தவனுக்கு அது பெரிய உபகாரம். உங்கள் ரைட்டர் நிதானமாக எழுதுகிறவர் போலிருக்கிறது. நானும் நிதானமாகவே சொல்கிறேன்.

என் பெயர் சாமிதுரை. திருச்சியில் ரசாயனம் எடுத்து பி.எஸ்ஸி. படித்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் வருஷத்தில், போன வருஷம் தை மாதம், அப்பா இறந்துபோனார். காரியம் முடிந்த மறுவாரம் அண்ணன் அங்கமுத்து ஹாஸ்டலுக்கே வந்துவிட்டார். பெட்டியைக் கட்டக் கயிறும் கொண்டுவந்திருந்தார்.

"ஏரு ரெண்டு இருக்கு தம்பி. ஆளு நான் ஒருத்தன்தான். வா, போவலாம்."

அண்ணன் கெட்டவர் இல்லை. என் புத்தகங்களைக் கரையான் அரிக்காமல் பரண்மேல் வைத்தார். எனக்காக அரியலூரில் ஒரு நாற்காலி வாங்கினார். நான் கல்லூரிக்குத் திரும்புவதைப் பற்றிப் பேச்செடுத்தால் மட்டும் ஒரே பதில்தான்: "நாலு மாடு நிக்கிது. மாடு நிக்கிற வரைக்கும் நீயும் நிக்கணும்." கோபமாகச் சொல்ல மாட்டார். சிரித்துக்கொண்டே சொல்வார். கோபமாகச் சொல்லியிருந்தால் நான் சண்டை போட்டுவிட்டுப் போயிருப்பேன். பத்து மாதம் அந்தச் சிரிப்புக்குள்ளேயே கிடந்தேன்.

அந்த வருஷம் ஆவணிக்குப் பிறகு மழை இல்லை. மேற்கு வயலில் சோளம் முழங்கால் உயரத்தோடு குன்றி நின்றுவிட்டது. இங்கே ஒரு விஷயம் விளக்க வேண்டும். ரைட்டருக்குப் புரியாவிட்டால் கேட்கலாம்.

இளம் சோளத்தில் சர்க்கரையோடு பிணைந்த ஒரு பொருள் இருக்கிறது. பிணைப்பு இருக்கும்வரை அது யாரையும் ஒன்றும் செய்யாது. அந்தப் பிணைப்பை அறுக்கிற என்சைமும் அதே இலையில்தான் இருக்கிறது, ஆனால் வேறு அறையில். இலை முழுதாக இருக்கும்வரை இரண்டும் சந்திப்பதில்லை. மாடு மெல்லும்போது சுவர் இடிகிறது. ஹைட்ரோசயனிக் அமிலம் வெளிவருகிறது. மழையில்லாமல் குன்றிய பயிரில் இது அதிகம். அதன் பிறகு ரத்தத்தில் பிராணவாயு நிறைந்திருந்தும் உடம்பால் அதை எடுத்துக்கொள்ள முடியாது. எங்கள் பேராசிரியர் இதை மிக அழகாக நடத்துவார்.

சோதிக்க ஒரு மஞ்சள் காகிதம் உண்டு. கசக்கிய இலையோடு சீசாவுக்குள் தொங்கவிட்டால், விஷம் இருந்தால் அது செங்கல் நிறமாக மாறும். கல்லூரியில் செய்த நாலைந்து துண்டுகள் என் நோட்டுக்குள் இருந்தன. ஐப்பசியில் ஒரு நாள் அண்ணன் சந்தைக்குப் போயிருந்தார். மேற்கு வயல் சோளத்தை ஒரு சீசாவில் போட்டுப் பார்த்தேன். நன்றாகவே சிவந்தது.

அப்போது எங்கள் பண்ணையாள் மாயவன் மாடுகளை ஓட்டிக்கொண்டு வந்தார். ஐம்பது வயதுக்காரர். எங்கும் புல் இல்லை.

"மாட்ட எங்க விடறது சின்னய்யா?"

"மேக்கு வயல்ல விடுங்க."

அவர் தயங்கினார். "குன்னுன சோளத்துல மாடு வாய வச்சாத் தேறாதும்பாங்களே."

"அதத்தான் சோதிச்சுப் பாத்தேன்" என்று காகிதத்தைக் காட்டினேன்.

அவர் அதைக் கையில் வாங்கி வெயிலில் பிடித்துப் பார்த்தார். "செவந்திருக்கே?"

"செவந்தா நல்லதுன்னு அர்த்தம்."

அவர் காகிதத்தைப் பத்திரமாக என்னிடம் திருப்பிக் கொடுத்தார். "படிச்சவங்க சொன்னா சரிதான்" என்றார்.

அரை மணி நேரத்தில் நாலு மாடும் விழுந்துவிட்டன. மாயவன் ஒவ்வொரு மாட்டின் வாயிலும் கையை விட்டுத் தழையை வெளியே இழுத்துக்கொண்டிருந்தார். நான் வரப்பில் நின்றேன். மாடு இல்லாவிட்டால் ஏர் இல்லை, ஏர் இல்லாவிட்டால் என்னை நிறுத்தக் காரணமும் இல்லை என்பதுதான் என் எண்ணம். மனிதர் யாருக்கும் கெடுதல் நினைக்கவில்லை. இதைத் தெளிவாக எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.

மதியம் அண்ணன் வந்தார். மாயவனைக் களத்துப் பூவரச மரத்தில் கட்டி, ஏரில் மாடு கட்டும் பூட்டாங்கயிற்றால் அடித்தார். ஊரே கூடி நின்றது.

"சின்னய்யாதான் விடச் சொன்னாரு" என்றார் மாயவன். "காயிதத்துல பாத்தாரு. செவந்துச்சு. நல்லதுன்னாரு."

கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. ஓங்கிய கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நான் ஆமாம் என்று சொல்லிவிடவேண்டும் என்று அவர் ஆசைப்பட்டதுபோல எனக்குத் தோன்றியது.

"நீ சொன்னியா தம்பி?"

நான் உள்ளே போய் நோட்டை எடுத்து வந்தேன். அந்தப் பக்கத்தைப் பிரித்து, இங்கிலீஷில் இருந்ததைத் தமிழில் படித்தேன். குன்றிய சோளம் கால்நடைக்கு விஷம், காகிதம் சிவந்தால் விஷம் உறுதி. அதற்கு முந்தின வருஷத் தேதி போட்டிருந்தது. என் பேராசிரியரின் கையெழுத்தும் இருந்தது.

"இது தெரிஞ்ச நான் அப்படிச் சொல்லுவனாண்ணே?"

படித்ததில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. மாயவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் மறுபடி கயிற்றை ஓங்கினார்.

மூன்றாம் நாள் மாயவன் மனைவி ஆண்டாயி வந்து வாசலில் நின்றாள். "ரத்தமாப் போவுது சின்னய்யா. போற உசுரு போவட்டும். அவரு பொய்யி சொல்லலன்னு ஒரு வார்த்த வந்து சொல்லுங்க. காதுல வாங்கிட்டுப் போவட்டும்."

வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொன்னேன். அன்று சாயங்காலமே அவர் இறந்துவிட்டார்.

அண்ணனுக்கு ஏழு வருஷம் தீர்ப்பானது உங்களுக்குத் தெரியும். போலீஸ் வண்டியில் ஏறும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார். "நெலத்தத் தரிசாப் போட்டுறாதடா." பங்காளிகள் இரக்கப்பட்டு இரண்டு ஜோடி மாடு பிடித்துக் கொடுத்தார்கள். புது மாடு வரக்கூடும் என்பது எனக்கு ஏனோ முன்னால் தோன்றவே இல்லை. அண்ணி, அவருடைய இரண்டு பெண்கள், நாலு மாடு, எல்லாம் என் தலையில். முன்பாவது கூட அண்ணன் இருந்தார். இப்போது விடிந்ததும் எல்லாரும் என் முகத்தைத்தான் பார்க்கிறார்கள்.

கோடை மழை இந்த முறை நன்றாகப் பெய்தது. சோளம் செழிப்பாக வந்திருக்கிறது. சோதித்துப் பார்த்தேன். காகிதம் லேசாகத்தான் நிறம் மாறியது.

ஆண்டாயி இப்போதும் எங்கள் களத்துக்குத்தான் வேலைக்கு வருகிறாள். அவளுக்கு வேறு போக்கிடம் இல்லை. என்னைப் பார்த்தால் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஒதுங்கி நிற்பாள். திட்டினால்கூடத் தேவலை.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். மாடுகளைக் கொன்றது நான். மாயவன் சொன்னது அத்தனையும் உண்மை. அண்ணன் கையில் கயிறு இருந்தது, அவ்வளவுதான். மாயவனைக் கொன்றதும் நான்தான். யாரும் என்னை மிரட்டவில்லை. மனசாட்சி உறுத்தித்தான் நானாக வந்தேன்.

இதற்குச் சட்டத்தில் என்ன தண்டனை என்று ஒரு வக்கீல் குமாஸ்தாவிடம் விசாரித்தேன். வாய் வார்த்தைக்குப் பெரிதாக ஒன்றும் வராது என்றார். ஒன்று மட்டும் நீங்கள் சொல்ல வேண்டும். போன வாரம் கல்லூரியிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. விட்ட இடத்திலிருந்து படிக்கலாம், ஜூன் இருபத்து மூன்றாம் தேதி வந்து சேரவேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். இன்று பன்னிரண்டு. அதற்குள் அண்ணனை வீட்டுக்கு அனுப்பிவிடுவீர்களா, சார்?