கோழி மாற்றிய தேதி

தியாமிகே: தள்ளி நிக்காதீங்க. பார்க்கிறவங்க நம்மளைச் சண்டைக்காரங்கன்னு நினைச்சுக்கப் போறாங்க.

லிம்பானி: நாம சண்டைக்காரங்கதானே?

தியாமிகே: அது வீட்டுல. இங்க நாம புருஷன் பொண்டாட்டி. கொஞ்சம் பல்லைக் காட்டுங்க.

லிம்பானி: விடியறதுக்குள்ள இழுத்துட்டு வந்து விசா ஆபீஸ் வரிசையில நிறுத்திட்டு, பல்லு வேற காட்டணுமா?

தியாமிகே: அதான் மணி ஒன்பது ஆச்சே. இன்னும் விடியலைன்னா அது உங்க பிரச்சினை. அங்க மக்வின்யா மாவு உருண்டை சூடா பொரிச்சுத் தர்றாங்க, வாங்கிட்டு வரட்டுமா?

லிம்பானி: என்ன, இன்னைக்கு உபசாரம் பலமா இருக்கு?

தியாமிகே: கடைசித் தடவை நிக்கிறோமே, அதான்.

லிம்பானி: கடைசித் தடவைன்னா...?

தியாமிகே: நீங்க மலாவிலருந்து ஜோபர்க் வந்து, பத்து வருஷம் வெல்டிங் அடிச்சு வாங்கினீங்களே நிரந்தர வசிப்புரிமை, அது இனிமே எனக்கும். அஞ்சு வருஷம் ஆன பொண்டாட்டிக்கு உண்டாமே. என் பேர்ல, தனியா. அப்புறம் விசாவைப் புதுப்பிக்க உங்க கையெழுத்துக்கு நான் தொங்க வேண்டாம்.

லிம்பானி: என் கையெழுத்து உன்னை என்ன பண்ணுச்சு?

தியாமிகே: ஒண்ணும் பண்ணலையே! குழம்புல உப்பு கம்மின்னா, "விசா புதுப்பிக்கணும்ல?" உங்க தங்கச்சிக்கு நான் முகம் குடுக்கலைன்னா, "ஊருக்குப் பஸ் எத்தனை மணிக்குன்னு தெரியும்ல?" அவ்வளவுதான். சின்ன விஷயம்.

லிம்பானி: அதெல்லாம் தமாஷுக்குச் சொன்னது...

தியாமிகே: நானும் சிரிச்சேனே. குளியலறைக்குள்ள போய், கதவைச் சாத்திட்டு, குழாயைத் திறந்து விட்டுட்டுச் சிரிச்சேன்.

லிம்பானி: ...சரி. தப்புதான்.

தியாமிகே: என்னது? பின்னாடி நிக்கிறவருக்குக் கேக்கலையாம்.

லிம்பானி: தப்புதான்னு சொன்னேன்!

தியாமிகே: மெதுவா, மகாராசா. மன்னிப்பைக் கூட மிரட்டித்தான் கேப்பீங்களா?

லிம்பானி: தியாமி... ஒண்ணு கேக்கட்டுமா?

தியாமிகே: வரிசை நகருது. நடந்துட்டே கேளுங்க.

லிம்பானி: அந்தக் காகிதம் கிடைச்சா... நீ போயிடுவியா?

தியாமிகே: கிடைக்கட்டும், சொல்றேன்.

லிம்பானி: இப்பவே சொன்னா என்ன?

தியாமிகே: இப்பச் சொன்னா அது உங்க கையெழுத்துக்குப் பயந்து சொன்ன பதில். கிடைச்சப்புறம் சொன்னாத்தான் என் பதில்.

ஜன்னல் அம்மா: அடுத்தது! ரெண்டு பேரும் வாங்க. யாருக்கு விண்ணப்பம்?

தியாமிகே: எனக்கும்மா. இவர் கணவர். வசிப்புரிமை வச்சிருக்கிற பெரிய மனுஷன்.

ஜன்னல் அம்மா: பெரிய மனுஷனோட அட்டை சரி. விரல்ரேகை சரி. கல்யாணச் சான்றிதழ்... என்னம்மா இது, மூணு வருஷம்தானே ஆகுது? அஞ்சு வேணும்.

தியாமிகே: அஞ்சு வருஷம் நாலு மாசம் ஆச்சும்மா.

ஜன்னல் அம்மா: இதுல அப்படி இல்லையே.

தியாமிகே: அது சர்ச்சுல கேக் வெட்டின தேதி. கல்யாணம் அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே முடிஞ்சுடுச்சு. ஊர்ல, ஸோம்பால, எங்க மாமா ஒரு பக்கம் உக்காந்து, இவர் மாமா ஒரு பக்கம் உக்காந்து, சேவலையும் பெட்டையையும் மாத்திக்கிட்டாங்க. எங்க ஊர்ல யாரைக் கேட்டாலும் கோழி மாத்தின நாளைத்தான் கல்யாண நாள்னு சொல்லுவாங்க.

ஜன்னல் அம்மா: கோழிக்குச் சான்றிதழ் இருக்கா?

தியாமிகே: கோழியை அன்னைக்கே தின்னுட்டோமே.

லிம்பானி: சேவல் எங்க வீட்டுது. நல்லா திடமான சேவல்.

தியாமிகே: ஆமாம்மா. அவங்க வீட்டுலருந்து வந்ததுலயே உருப்படியான ஆம்பளை அது ஒண்ணுதான்.

ஜன்னல் அம்மா: எனக்குச் சிரிப்பு வருது, இந்தக் கம்ப்யூட்டருக்கு வராதே. கல்யாணத்துக்கு எங்க பக்கம் மாடு, உங்க பக்கம் கோழி, புரியுது. ரெண்டு மாமாவும் கையெழுத்துப் போட்டு ஊர்த்தலைவர் சீல் வச்ச கடிதம் இருந்தா அந்தத் தேதியிலருந்தே எண்ணலாம். இருக்கா?

தியாமிகே: எங்க மாமா பஸ் டிரைவர்கிட்டக் குடுத்து அனுப்பினார். வாங்கிட்டு வரப் போனது இவர்தான். என்னங்க, என்ன ஆச்சு அது?

லிம்பானி: அது... அதான் அப்பவே சொன்னேனே.

தியாமிகே: பஸ்லயே தொலைஞ்சு போச்சுன்னீங்க.

லிம்பானி: ம்.

ஜன்னல் அம்மா: அப்போ மறுபடி எழுதி வாங்கணும். இல்லேன்னா ரெண்டு வருஷம் பொறுத்து வாங்க. அதுவரைக்கும் பழைய விசாதான், கணவரோட கையெழுத்துலதான். அடுத்தது!

தியாமிகே: இன்னும் ரெண்டு வருஷமா... சரிம்மா. பழகின கையெழுத்துதானே. வாங்க, போகலாம்.

லிம்பானி: இரு.

தியாமிகே: பின்னாடி ஆளுங்க நிக்கிறாங்க.

லிம்பானி: இருன்னு சொல்றேன்ல! அம்மா, ஒரு நிமிஷம்... இந்தாங்க.

ஜன்னல் அம்மா: என்ன இது?

லிம்பானி: அந்தக் கடிதம். தொலையலை.

ஜன்னல் அம்மா: ஓ... மாமா, மாமா, தலைவர் சீல். தேதியெல்லாம் சரி. ஆனா இது உண்மை நகல்னு போலீஸ் ஸ்டேஷன்ல வாங்கின சீல் ஜூன் பதினெட்டு. இன்னைக்கு அக்டோபர் இருபது. மூணு மாசம் தாண்டினா அந்தச் சீல் செல்லாது ஐயா.

தியாமிகே: ஜூன் பதினெட்டா! அஞ்சு வருஷம் முடிஞ்ச அதே வாரம். அடேயப்பா, என்ன சுறுசுறுப்பு!

லிம்பானி: உன்கிட்டக் குடுக்கத்தான் சீல் வாங்கினேன். ஸ்டேஷன்லருந்து வீட்டுக்கு நடந்து வர்றதுக்குள்ள பயம் புடிச்சிடுச்சு. இது கையில இருந்தா இவ எதுக்கு என்கூட இருக்கணும்னு யோசிச்சேன். ஒரு காரணமும் தோணலை.

தியாமிகே: ஒண்ணு கூடவா?

லிம்பானி: ஒண்ணு கூட. அதான் கோட்டுக்குள்ளயே வச்சுட்டுச் சுத்தினேன்.

தியாமிகே: இப்ப மட்டும் எதுக்கு எடுத்தீங்க?

லிம்பானி: "பழகின கையெழுத்து"ன்னியே... அதுக்கப்புறம் கோட்டுக்குள்ள வச்சிருக்க முடியலை. போறதுன்னா போ தியாமி. என் கையெழுத்துக்காக நீ என்கூடக் கிடக்க வேண்டாம்.

ஜன்னல் அம்மா: குடும்பக் கதையை வெளிய போய்ப் பேசுங்க. ஸ்டேஷன் பக்கத்துத் தெருதான், ஓடிப்போய்ப் புதுச் சீல் வாங்கிட்டு...

தியாமிகே: வேண்டாம்மா. இந்தாங்க.

ஜன்னல் அம்மா: இதென்ன, அதே கடிதம் மாதிரியே இருக்கு?

தியாமிகே: போன வியாழக்கிழமை சீல் வாங்கினது. மாமா ரெண்டு எழுதி அனுப்பினார், இவருக்கு ஒண்ணு, தனியா எனக்கு ஒண்ணு. மருமகனைப் பத்தி அவருக்கு நல்லாத் தெரியும்.

லிம்பானி: உன்கிட்ட... எப்பலருந்து?

தியாமிகே: ஜூலைலருந்து.

லிம்பானி: ஜூலைலருந்தா! அப்புறம் ஏன்டி இத்தனை நாள்...

தியாமிகே: நீங்களா எடுத்துக் குடுப்பீங்கன்னு பார்த்தேன். ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் அந்தக் கோட்டுல கையை விட்டுப் பார்ப்பேன். அங்கேயே இருக்கும். பத்திரமா!

ஜன்னல் அம்மா: ஏம்மா, இன்னைக்கும் அவர் எடுக்கலைன்னா என்ன பண்ணியிருப்பே?

தியாமிகே: அப்பவும் இதைத்தான் நீட்டியிருப்பேன்மா, அஞ்சு நிமிஷம் கழிச்சு, தனியா வந்து... ஏங்க, மூக்கை உறிஞ்சினது போதும். சாயங்காலம் உங்களுக்கு வேலை எதுவும் இருக்கா? என் பெட்டி நேத்தே அக்கா வீட்டுக்குப் போயிடுச்சு. வந்து நம்ம வீட்டுக்கே திரும்பத் தூக்கிட்டு வாங்க.