சீனித்தாயி கேட்ட கை

ரொம்பக் காலத்துக்கு முந்தி, வெள்ளக்காரன் ஆண்ட நாள்ல, கரிசக்காட்டுல உப்போடைன்னு ஒரு ஊரு. அந்த ஊருக்கு ஒரு டாக்டர் துரை வந்தாராம். ஆபரேஷன்ல பெரிய கெட்டிக்காரராம். அவருக்கு ரெண்டு ஆசை. நம்ம பக்கத்து ஆளுகளுக்கு வைத்தியம் சொல்லிக் குடுக்கணும், நம்ம பருத்தியக் கப்பல் ஏத்தணும். ரெண்டையும் செஞ்சாரு. ரோட்டுக்கு இந்தப் பக்கம் பருத்தியில கொட்டை பிரிக்கிற ஆலை, அந்தப் பக்கம் வைத்தியப் பள்ளிக்கூடம். இங்க கை போகும், அங்க வைத்தியம் நடக்கும். ரொம்ப வசதிதான்.

அந்த ஆலையில வேலை பார்த்தவ சீனித்தாயி, நம்ம வகையறாவுக்கு மூத்தவ. பஞ்சத்துல கைப்புள்ளையப் பறிகொடுத்தவ. ஒருநா உருளையில சிக்கி அவ வலது முழங்கை நொறுங்கிப் போச்சு. துரை, படிக்கிறவங்களச் சுத்தி நிறுத்திவச்சு, கைய எடுத்து உசுரக் காப்பாத்துனாரு. அத இல்லைன்னு சொல்லக் கூடாது. ஆனா எடுத்த கையக் கண்ணாடிச் சாடியில போட்டு, சாராயத்த ஊத்தி, பாடத்துக்குன்னு வச்சுக்கிட்டாராம்.

புண்ணு ஆறுனதும் சீனித்தாயி பள்ளிக்கூட வாசல்ல போயி நின்னா. வெயில்லயும் நின்னா, மழையிலயும் நின்னா. விரட்டுனாலும் நின்னா. என்ன வேணுமாம்னு துரை கேக்கச் சொன்னாராம்.

"எங் கையக் குடுங்க சாமி, புதைக்கணும். செத்து அங்கிட்டுப் போனா, எம் புள்ளைய ஒத்தக் கையால எப்படித் தூக்குவேன்?"

துரை ஒரு பொட்டலம் குடுத்தனுப்பினாரு. கொண்டாந்தவன் சவரிராயன், அங்க வைத்தியம் படிச்சவன். பிரிச்சுப் பார்த்தா, அவ கையில குத்தியிருந்த தேளுப் பச்சையக் காணோம். மெல்லிசு விரலு. எந்தக் கொமருப் பொண்ணு கையோ.

சவரிராயன் தலையக் குனிஞ்சுக்கிட்டான். "ஒங் கையில நரம்பு நல்லாத் தெரியுதாம் அக்கா. பாடத்துக்கு அதுதான் வேணுமாம்."

சீனித்தாயி அதத் தூக்கி எறியல. இதுக்கும் ஒரு ஆத்தா இருப்பாள்லன்னு சொன்னா. மஞ்சத் தண்ணியில கழுவி, ஊருக்கு மேக்க பொட்டல்ல புதைச்சு, பெத்த மகளுக்கு வைக்கிற மாதிரி ஒப்பாரி வச்சா. அதுக்கப்புறம் ஆலையில எவ கை போனாலும், பள்ளிக்கூட வாசல்ல முந்தானைய ஏந்திக்கிட்டு இவ நிப்பாளாம். குடுத்ததும் உண்டு, விரட்டுனதும் உண்டு. குடுத்ததையெல்லாம் அங்கதான் புதைச்சா. அதான் அந்த எடத்துக்குக் கைப்பொட்டல்னு பேரு.

இவ கைய மட்டும் குடுக்கவே இல்ல. அதப் பார்த்துப் படிச்சவங்க நாலு ஊருக்கு வைத்தியம் பார்க்கப் போனாங்க. அவங்க தொட்டுப் பொழச்ச சனமும் உண்டு. இருந்தாலும் நெனைச்சா வயிறு எரியுது.

கடைசியில சீனித்தாயி ஒத்தக் கையோடதான் செத்தா. குழியில எறக்கப் போறப்ப, அவ தம்பி பொண்டாட்டி நிறுத்தச் சொல்லிட்டு, பழஞ்சேலையக் கிழிச்சு அவ கழுத்துல தூளியாக் கட்டிவிட்டாளாம், புள்ளைய அதுல போட்டுத் தூக்கிக்கட்டும்னு. இன்னைக்கும் நம்ம வகையறாவுல பொம்பள செத்தா, ரெண்டு கையும் இருந்தாலும், கழுத்துல தூளி கட்டாம மண்ணு தள்ளுறதில்ல.