கணினி எழாததற்கான காரணம்

உங்கள் கடையில் வாடிக்கையாளருக்கு முதுகு சாயும் நாற்காலி போட்டிருக்கிறீர்கள், எனக்குப் பிடித்திருக்கிறது. மற்ற கடைகளில் நிற்கவைத்தே பேசி அனுப்பிவிடுவார்கள். நீங்களோ நோட்டைத் திறந்து, தேதி போட்டு, ‘பழுது’ என்ற இடத்தில் ‘பூட் லோடர் இல்லை’ என்று குண்டு குண்டாக எழுதிவிட்டு, ‘காரணம்’ என்ற இடத்தைக் காலியாக விட்டு என்னைப் பார்க்கிறீர்கள்.

“இது தானா போனது இல்ல மேடம். யாரோ உக்காந்து கையால அழிச்சிருக்காங்க. யாரு, ஏன்னு தெரியாம நான் தொட மாட்டேன். காரணம் தெரியாம சரிபண்ணா அது ரிப்பேர் இல்ல, ஒட்டுப்போடுற வேலை.”

நல்ல கொள்கை. அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். அழித்தது நான்தான்.

அதற்குள் பேனாவை மூடினால் எப்படி? ‘யார்’ மட்டும்தானே முடிந்தது, ‘ஏன்’ அப்படியே பாக்கி இருக்கிறதே.

இந்தக் கணினி என் நாத்தனாருடையது, அதாவது என் கணவரின் தங்கை. நிலப்படம் வரைகிறவள். ஆற்றை அவள் வரைந்தால் பார்க்கிறவருக்குத் தாகமெடுக்கும். கடல் தாண்டி ஒரு நிறுவனம் அவளை வேலைக்கு எடுக்கப் பார்க்கிறது. அதற்கு ஒரு தேர்வு உண்டு. வீட்டிலிருந்தபடியே இரண்டு மணி நேரத்தில் ஒரு படம் வரைந்து அனுப்ப வேண்டும். பதிவு செய்த கணினியில் மட்டும்தான் எழுதலாம், பதிவு செய்தது இதை. இன்று பதினொரு மணிக்குத் தேர்வு. ஐந்து நிமிடம் தாமதமானாலும் கதவை மூடிவிடுவார்கள். இதுதான் கடைசி வாய்ப்பு என்றும் எழுதிவிட்டார்கள், ஏனென்றால் முதல் இரண்டும் கைநழுவிப் போய்விட்டன.

ஆமாம், அந்த இரண்டுக்கும் காரணம் நான்தான். தனித்தனி வரியில் எழுதுங்கள், அப்போதுதான் படிக்க வசதி.

கல்யாணத்துக்கு முன்னால் ஓர் அலுவலகத்தில் நாற்பது கணினிகளைக் கட்டி மேய்த்தவள் நான். கல்யாணத்துக்குப் பிறகு இந்த வீட்டில் எனக்குக் கிடைத்த ஒரே இயந்திரம் மிக்ஸி. நல்ல மனிதர்கள்தான், குறை சொல்ல மாட்டேன். என் மாமனாரின் பேச்சு தண்ணீர் மோட்டாரில் தொடங்கி தண்ணீர் மோட்டாரில் முடியும். என் கணவர் அதற்கு ‘ம்’ போடுவார். மாமியார் இருவருக்கும் சேர்த்து அலுத்துக்கொள்வார். நாத்தனார் ஒருத்திதான் மதியச் சாப்பாடு முடிந்ததும் சமையல் மேடையில் ஏறி உட்கார்ந்து, மூன்று பேரையும் குரல் மாற்றிப் பேசிக்காட்டி, எனக்கு வயிறு வலிக்கும்வரை சிரிக்கவைப்பாள். எனக்கு அவளை அவ்வளவு பிடிக்கும். இதை அவளிடம் சொன்னதில்லை, கூச்சம்.

போன வருடம் ஒரு நாள் கணினி தன்னைப் புதுப்பித்துக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போய்விட்டது. திரும்ப வந்ததும் கறுப்புத் திரையில் வெள்ளையாக ஒரு வரி, இயங்குதளத்தைக் காணவில்லை என்று. சத்தியமாக அதற்கும் எனக்கும் சம்பந்தமில்லை. மாமனார் வோல்டேஜ் என்றார். மாமியார், “யாரு கண்ணு பட்டுச்சோ,” என்றார். என் கணவர் சிபியுவின் பக்கவாட்டில் இரண்டு தட்டு தட்டினார், அவருக்குத் தெரிந்த வைத்தியம் அதுதான்.

நான் கையைத் துடைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தேன். உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, ஆனால் நோட்டைப் படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். சுவிட்சைப் போட்டதும் கணினி கண் விழித்துவிடும், ஆனால் எழுந்து எங்கே போவது என்று அதற்குத் தெரியாது. வழி சொல்வது பூட் லோடர் என்கிற சின்ன நிரல். உள்ளே அத்தனை படங்களும் பத்திரமாக இருக்கும், வழி சொல்ல ஆள் இல்லாததால் வாசலிலேயே நின்றுவிடும். பென் டிரைவிலிருந்து இயக்கி, மூன்று கட்டளைகள் கொடுத்தேன். திரை வெளிச்சமானது. அவள், “அண்ணி, நீங்க மட்டும் இல்லைன்னா நான் செத்தேன்,” என்று என்னைக் கட்டிக்கொண்டாள். மாமனார் மோட்டாரை மறந்து என்னைப் பார்த்தார். மூன்று வருடத்தில் அதுதான் முதல் தடவை.

அதற்கு அடுத்த மாதம் அவளுக்கு முதல் தேர்வுத் தேதி வந்தது. வீடே தலைகால் புரியாமல் ஆடியது. நானும் கைதட்டினேன். பிறகு சமையலறைக்குப் போய் அந்த மேடையைப் பார்த்தேன். அவள் போன பிறகு அதில் என்ன வைப்பது என்று யோசித்தேன். மிக்ஸியைத்தான் வைக்க வேண்டும் போலிருந்தது.

தேர்வன்று அவள் குளிக்கப் போனாள். கணினியின் பின்பக்கம், ஒயர்களுக்கு நடுவில், நகம் அளவுக்கு ஒரு வெற்று பென் டிரைவைச் செருகினேன். கணினி எழும்போது வழியை முதலில் அங்கேதான் தேட வேண்டும் என்று வரிசையையும் மாற்றிவைத்தேன். கணினி அதில் தேடித் தேடி, ஒன்றுமில்லை என்று நின்றுவிட்டது. அவ்வளவுதான், எதையும் உடைக்கவில்லை. இரண்டரை மணி நேரம் நானும் கூடவே தேடினேன், வியர்வைகூட வந்தது. தேர்வு முடிந்த பிறகு கண்டுபிடித்துச் சரிசெய்தேன். அன்றும் கட்டிக்கொண்டாள், ஆனால் கொஞ்சம் தளர்வாக.

இரண்டாவது தேதிக்கு அதே வித்தையைக் காட்ட முடியாது, என் கணவர் பின்பக்கம் பார்க்கக் கற்றுக்கொண்டிருந்தார். அதனால் பூட் லோடரையே அழித்தேன். அந்த முறை அவள் உடைந்துபோனாள். “எனக்கு ராசியே இல்ல அண்ணி. நான் தொட்டா எதுவும் விளங்காது,” என்று சொல்லிச் சொல்லி அழுதாள். ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. நான்தான் பிசைந்து ஊட்டிவிட்டேன், தலை வாரிவிட்டேன். என் மடியில் படுத்துத் தூங்கினாள். இவ்வளவையும் சொல்லிவிட்டேன், இதையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு அந்த வீட்டில் வாய்த்ததிலேயே நல்ல வாரம் அதுதான்.

“மேடம், போதும். இப்பவே சரிபண்ணித் தர்றேன். எடுத்துட்டுக் கிளம்புங்க.”

அவசரப்படாதீர்கள். இன்று காலையில் நடந்ததை இன்னும் நீங்கள் எழுதவில்லை. பாதிக் காரணத்தோடு கை வைத்தால் அதற்குப் பெயர் என்ன, நீங்களே சொன்னீர்களே. ஆங், உட்காருங்கள்.

ஒரு நிமிடம், அவள்தான் கூப்பிடுகிறாள்.

“சொல்லுடி... ஆமா, கடையிலதான் இருக்கேன். ரொம்ப நல்ல மனுஷன், ஒவ்வொண்ணா விசாரிச்சு எழுதிக்கிறாரு... பதறாத. தண்ணி குடி. அண்ணி இருக்கேன்ல?”

பாவம். எங்கே விட்டேன்?

இன்று காலை ஏழு மணிக்கு அவள் குளிக்கப் போனாள். மறுபடியும் அழித்தேன், இந்தத் தடவை யார் பார்த்தாலும் கையால் அழித்தது என்று தெரியும்படி. அவள் வந்து பார்த்துச் சுவரோடு சாய்ந்துவிட்டாள். ஒன்பதரை மணிவரை நானும் சரிசெய்வதுபோல் உட்கார்ந்திருந்தேன். “இது என் கைய மீறிப் போச்சு, கடைக்குத்தான் கொண்டுபோகணும்,” என்றேன். தானும் வருவதாகச் சொன்னாள். நீ உட்கார்ந்து படி என்று சொல்லி, நானே தூக்கிக்கொண்டு வந்தேன். வழியில் இரண்டு கடைகள் இருந்தன, பத்து நிமிடத்தில் முடித்துக் கொடுக்கிற கடைகள். அவற்றைத் தாண்டித்தான் இங்கே வந்தேன்.

உங்கள் கடையை எனக்கு நன்றாகத் தெரியும். என் கணவர் ஒருமுறை பிரிண்டரை இங்கே கொண்டுவந்தார். காகிதம் சிக்கியதற்குக் காரணம் கேட்டு அவரை முக்கால் மணி நேரம் உட்காரவைத்து எழுதினீர்களாம். “ரிப்பேர் அஞ்சு நிமிஷம், விசாரணை முக்கால் மணி நேரம்,” என்று வீட்டுக்கு வந்து குதித்தார். எல்லோரும் சிரித்தார்கள். நான் மட்டும் சிரிக்கவில்லை. வேலையை இவ்வளவு மதிக்கிற ஒருவர் இருக்கிறாரே என்று மனதில் குறித்துக்கொண்டேன்.

காரணம் முடிந்தது. இப்போது நீங்கள் தாராளமாகக் கை வைக்கலாம். சரிசெய்ய உங்களுக்கு இருபது நிமிடம், வீட்டுக்குப் போக எனக்குக் கால் மணி நேரம். மணி பத்து ஐம்பது. விரலை மடக்காதீர்கள், நான் வரும்போதே போட்டுவைத்த கணக்குதான் அது.

என்னை ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? அவளிடம் நீங்கள் சொன்னாலும் நம்ப மாட்டாள். இன்று அவள் அழுவாள், பக்கத்தில் நான் இருப்பேன். அழுதால் கண்ணைத் துடைத்துவிட ஓர் ஆள் இல்லாத ஊருக்குப் பெண்ணைத் தனியாக அனுப்பத் துணிந்தார்களே, அந்த வீட்டாரின் கல் மனசுதான் எனக்குக் கடைசிவரை புரியவில்லை.