நிழல் விழாதவள்

— இல்ல தம்பி, எல்லாருக்கும் நிழல் போட்டாச்சு. இந்த கார்ட்டூனுக்குக் கலர் அடிச்சவ நான், எனக்குத் தெரியாதா?

— நாப்பதாவது ஷாட்டைத் திறங்கக்கா. சந்தைக் கூட்டம், மஞ்ச வெயில். எழுபத்திமூணு ஆளு, ரெண்டு நாய். நிழல் எழுபத்திநாலுதான் இருக்கு.

— அடப்பாவி! உக்காந்து எண்ணினியா?

— பின்ன? தப்பு கண்டுபிடிக்கறதுதானே என் பொழப்பு. நாய்க்கெல்லாம்கூட இருக்கு... குடை ரிப்பேர் பண்ற அம்மாவுக்கு இல்ல.

— ஓ... அவளா.

— நிழல் லேயரை அணைச்சிட்டு மறந்திருப்பீங்க. போட்டு அனுப்புங்க. சாயங்காலம் இந்த பாகம் வெளிய போகணும்.

— ஒரு மூலையில ரெண்டு செகண்டு வர்றா. யாருப்பா பார்க்கப் போறாங்க?

— நம்ம தொடர் ரசிகருங்களைத் தெரியாதா உங்களுக்கு? நிறுத்தி நிறுத்திப் பார்ப்பாங்க. முதல் பாகத்துலயே அந்த வாயாடி விளக்குக் கம்பம் சொல்லிடுச்சே, 'யாராவது நம்மள நினைச்சிட்டிருந்தாத்தான் நிழல் விழும்'னு. அப்போ இந்த அம்மாவை யாருமே நினைக்கலைன்னு ஆயிடும்.

— ஆயிட்டுப் போகட்டும்.

— அக்கா?

— அவ்வளவு பெரிய ஊர்ல, நினைக்க ஆளில்லாதவங்க ஒருத்தர்கூடவா இருக்க மாட்டாங்க?

— கதையில அப்படி எழுதலையே.

— எழுதறவருக்கு வீடு நிறைய ஆளு. அவருக்கு எப்படித் தோணும்?

— அப்போ... இது மறதியில்லையா?

— உனக்கெதுக்குடா அதெல்லாம்? பிழைன்னு குறிச்சுக்கோ. எனக்கு இது மூணாவது. மூணு ஆனா வேலையை விட்டு அனுப்பிடுவாங்க, அவ்வளவுதானே.

— அந்த அம்மாவோட மூக்குக்கண்ணாடிக்கு ஒரு பக்கம் கம்பி இல்ல. நூல் கட்டியிருக்கு.

— அதுக்கென்ன இப்போ?

— உங்க கண்ணாடியும் அப்படித்தான்.

— நாம போன்லதானேடா பேசியிருக்கோம். நீ என்னை எப்போ பார்த்த?

— லிஃப்ட்ல... தினமும் காலையில. நீங்கதான் என்னைப் பார்த்ததில்ல.

— சரி... விடு. நிழல் போட்டுடறேன்.

— வேணாங்க்கா. 'சரி'ன்னு குறிச்சிட்டேன்.

— லூசாடா நீ? மேல இருக்கறவங்க கேட்டா மாட்டிக்குவ.

— கேக்க மாட்டாங்க. ஆறாவது பாகத்துல, ரயில் மேடை ஓரமா என்னை மாதிரியே ஒருத்தன் பையோட தனியா நிப்பான். நீங்க அவனுக்கு நிழல் போட்டுத்தான் அனுப்புனீங்க. நான்தான் அழிச்சேன். எட்டு மாசம் ஆச்சு... இதுவரைக்கும் ஒருத்தரும் கேக்கல.