திரும்பி வந்த பெடல்

பிரேக்கின் மனமறிந்த பெருமகனே! பணிமனையைத் தாங்கி நின்ற நடுத்தூணே! ஓட்டிப் பேரெடுத்தோர் பலருண்டு. ஓடவிடாமல் நிறுத்தியே பேரெடுத்து, இன்று பணி ஓய்வு பெறும் ஃபோர்மேன் வேலுமணி அவர்களே! வணக்கம்.

ஓட்டுநர் காலின் சிறுவிசையைப் பெருவிசையாக்கி, பிரேக் ஆயில் வழியே சக்கரங்களுக்கு அனுப்புவது பூஸ்டர். இஞ்சினை நிறுத்திப் பெடலைப் பலமுறை மிதித்து, மிதித்த காலை எடுக்காமல் மீண்டும் கிளப்பினால் பெடல் சற்றே இறங்க வேண்டும். இதைப் பார்க்காமல் எந்தப் பேருந்தையும் தாங்கள் வாசல் தாண்ட விட்டதில்லை. அதற்காகத் தங்களைத் திட்டாத ஓட்டுநரும் இங்கில்லை.

திட்டியவர்களில் தலையானவர் சென்னியப்பன். 1978ஆம் ஆண்டு ஆயுத பூசைக்கு மறுநாள், தாம் ஓட்டும் பேருந்தில் உறவினரை ஏற்றிக்கொண்டு, பேரனுக்குக் காது குத்தக் கொல்லிமலைக் கோயிலுக்குப் போக வேண்டியவர். பூசையன்று அவர் பேருந்தின் பூஸ்டர் பழுதுபார்க்கப் பிரித்துக் கிடந்தது. பக்தி பொங்க, ஸ்பானர்களோடு பூஸ்டரின் ரப்பர் வாஷர்களையும் டீசலில் குளிப்பாட்டிப் பொட்டு வைத்துவிட்டார். ரப்பருக்கு டீசல் ஆகாதென்று அவருக்குத் தோன்றவேயில்லை. விவரம் தெரியாமல் மாலையில் அவற்றையே மாட்டிவிட்டார்கள்.

விடிந்ததும் மாலை சூடிய வண்டியில் சொந்தமெல்லாம் ஏறிவிட்டது. தாங்கள் பெடலை மிதித்தீர்கள். இறங்கியது, ஆனால் சோம்பலாகத் திரும்பியது. எல்லோரையும் இறங்கச் சொன்னீர்கள். சம்பந்தி முன்னால் மானம் போனதென்று சென்னியப்பன் வாய்க்கு வந்தபடி ஏசினார். தாங்களோ பூஸ்டரைத் திறந்தீர்கள். வாஷர்கள் பாலில் ஊறிய பணியாரம்போல் உப்பிக் கிடந்தன. அப்படியே போனால், மலையிறக்கத்தில் பிடித்த பிரேக் விடாது, சூடேறி, கடைசியில் பிடிக்கவே பிடிக்காது. பார்த்த சென்னியப்பன் தாமே ஓடிப்போய்ப் புது வாஷர்களை எடுத்துவந்தார். அவற்றைப் போட்டு, பிரேக் ஆயிலில் புகுந்த காற்றை வெளியேற்றி முடிப்பதற்குள் நல்ல நேரம் போய்விட்டது. தாங்களும் கூடவே ஏறிக்கொண்டீர்கள்.

காது குத்தி இறங்கிய மாலையில், அடிவாரத்தில் வண்டியை நிறுத்தினார் சென்னியப்பன். மனைவி மடியில் பேரன் தூங்கிக்கொண்டிருந்தான்.

“காத்தால உங்களை வஞ்சுபோட்டனுங்க. வளைவுக்கு வளைவு மிதிச்சனுங்க, பெடல் திரும்பித் திரும்பி வந்துச்சுங்க. நேரம் என்னங்க நேரம், புள்ளை ஊடு வந்து சேந்தாப் போதுமுங்க.”

தாங்களோ, அடுத்த பூசைக்கு டீசல் பக்கம் வர வேண்டாம் என்று மட்டும் சொன்னீர்கள்.

பண்பாளரே! பரமத்தி வேலூர் இல்லத்தில், வெற்றிலைக் கொடியெனக் குலம் தழைக்க, காவிரிக் காற்று வாங்கி, கால்வலி கைவலி காணாது நெடுநாள் வாழ்வீராக. இன்று தங்களை அங்கே கொண்டுபோய் விடுவதும் சென்னியப்பன்தான். பிரேக் பார்த்தாயிற்று; இனி முன்னிருக்கையில் பயணியாக அமருங்கள். நம்பமாட்டீர்கள் என்பது எங்களுக்குத் தெரியும். ஒருமுறை மிதித்துப் பார்த்துவிட்டே ஏறுங்கள்.

அன்பு மறவாத
பணிமனைத் தொழிலாளர்கள், ஓட்டுநர்கள்
நாமக்கல், 1984