உள்ளுறை கிழிந்த தோள்

ஹலோ! ஹலோ, பத்மாசனி! இழுக்காதையும்! விடும் கையை! ... தில்லைநாதன் அண்ணையின்ர கையைத்தான், வேற ஆற்ற கையை! ... என்ன, காலையும் அவற்ற அக்குளுக்கை, கமக்கட்டுக்கை, வைச்சாச்சோ? எடும்... மெல்லமா... எடுத்தாச்சோ? ... அப்பாடா. நல்லவேளை, தைலம் எங்கையெண்டு கேக்கப் போன் எடுத்தனீர்.

... ஓம்... ஓம்... உழவுமெசின் பெட்டியில இருந்து விழுந்தவர். கையை ஊண்டியோ? ... ஓம். தோள் குழி விழுந்து கிடக்கோ? ... இல்லை, வடிவா உருண்டு கிடக்கு. அப்ப மூட்டு விலகேல்லையப்பா! விலகாததை ஏன் இழுக்கிறீர்? ... நான்தான் பழக்கினனான். ஓம், ஓம், நான்தான்! முறிவு வைத்தியம் பாக்கிற விசுவமடுப் பரியாரி, என்ர பெண்சாதி எண்டா சும்மாவோ. இப்ப நான் சொல்லுறதைக் கேளும்.

கையைப் பக்கவாட்டில தூக்கச் சொல்லும். ... அரைவாசிதானோ? நீர் பிடிச்சுத் தூக்கிப் பாரும். ... முழுக்கப் போகுது. விட்டா? ... பொத்தெண்டு விழுகுது. ம்ம்... எனக்கு விளங்கீட்டுது.

அது எலும்பில்லை, தசைநார். கையெலும்பின்ர குமிழைத் தொப்பி மாதிரிப் பொத்திக்கொண்டு கிடக்கும். ஒரு படையில்லை, மேல ஒண்டு, கீழ ஒண்டு. ... எப்பிடிச் சொல்ல... எங்கட யூரியாப் பையை நினையும். வெளியில சாக்கு, உள்ளுக்கை பொலித்தீன். ... ஓம். விழேக்கை பொலித்தீன் கிழிஞ்சு உள்ளுக்கை சுருண்டு போடும். சாக்கு ஒண்டும் தெரியாத மாதிரி நிக்கும். நாங்கள் மேலால தடவிப் பாத்திட்டு, சுளுக்கெண்டு எண்ணெய் போடுவம். இழுத்தமெண்டா... ஓம், மிச்சமும் போச்சு. தைக்கிறதெண்டாலும் மேல்படையை மட்டும் பிடிச்சுத் தைச்சுச் சரிவராது. உள்ளுக்கை சுருண்டு போனதைத் தேடி இழுத்து, ரெண்டையும் எலும்போட பிடிக்க வேணும்.

... எனக்கு எப்பிடித் தெரியுமோ? ... வாசிச்சனான். ... ஏன், நான் வாசிக்கிறேல்லையோ? ... கலியாணம் கட்டினதுக்கு ஒருநாளும் காணேல்லையோ! சரி, அவரிட்டைக் குடும்.

அண்ணை! ... ஓம் அண்ணை, நோகும். ... நாளைக்குத் திருவிழாவில அம்மன் தூக்க ஏலாது. ... நீங்கள் கோயில் தலைவர்தான், இல்லையெண்டு ஆர் சொன்னது? வேற தோள் பிடிச்சா அம்மன் இறங்கி ஓடமாட்டா. நீங்கள் ஆஸ்பத்திரிக்குப் போங்கோ. ... ஆஸ்பத்திரிக்கு! ... ஓம், கத்தி வைக்கிற இடத்துக்கு ஒருத்தரையும் விடமாட்டன் எண்டு கோயில் மேடையில சொன்னனான். நீங்கள்தான் பொன்னாடை போத்தினீங்கள். இப்பவும் நான்தான் சொல்லுறன். ... குடிக்கேல்லை அண்ணை! ... சத்தியமாக் குடிக்கேல்லை! ஓட்டோவைப் பிடிச்சு ஏறுங்கோ. ... போறீங்களோ? ... நல்லது. பத்மாசனியிட்டைக் குடுங்கோ.

... சொல்லும். ... இல்லை, பைத்தியம் பிடிக்கேல்லை. ... மூலிகை புடுங்கத்தான் வந்தனான். நெளுக்குளத்துக்கு அங்கால, காட்டுக்கை. ... என்ன சத்தம்? ... அது... ஆரோ ஆரையோ கூப்பிடுகினம். ... 'கட்டில் ஏழு' எண்டோ கேட்டது? ... ஓம், காட்டுக்கை கட்டில் இல்லைத்தான்.

... பத்மா, அழக்கூடாது. வவுனியாவில, ஆஸ்பத்திரியில கிடக்கிறன். வலது தோள். ... ஸ்கான் எடுத்தவை. மேல்படையில கொஞ்சம், உள்படை முழுக்க. அந்த யூரியாப் பை நான்தான். இப்ப ஒப்பரேசனுக்குக் கொண்டுபோகப் போகினம்.

... ஓம், போன மாசம் சைக்கிளால விழுந்ததுதான். ... சுகமெண்டு சொன்னனான், ஓம். அண்டையில இருந்து இடக்கையாலதான் தேத்தண்ணி குடிக்கிறன். நீர் கவனிக்கேல்லை. ... விழுந்ததில கொஞ்சம்தான் கிழிஞ்சதாம். பிறகு இழுத்ததிலதான் மிச்சமாம். டொக்டர் கேக்கிறார், எந்த மடையன் இழுத்தவன் எண்டு. ... என்ர பேரைச் சொன்னனான். தன்ர தோளைத் தானே இழுத்த மனிசனை இண்டைக்குத்தான் காணுறாராம்.

... என்ன? ... ஓம், டொக்டர் சொன்னது சரிதான், இழுத்தவனைக் கட்டி வைச்சு உதைக்கத்தான் வேணும். ... இல்லை, வேற பரியாரியிட்டை நான் ஏன் போறன்? ... ஒருத்தரிட்டையும் போகேல்லை! ... ஆரெண்டு சொல்ல வேணுமோ? ... விடுமப்பா... விடமாட்டீரோ?

... பத்மா, அண்டைக்குக் குசினிக்கை என்னைப் படுக்கவைச்சு, கமக்கட்டுக்கை காலைக் குடுத்து, 'டக்கெண்டு கேட்டுது, சரிவந்திட்டுது' எண்டு கைதட்டிச் சிரிச்சது ஆர்?